வெடிப்பு

பகவதிபுரத்தில் ஏறினால் புனலூர்.
இடையில் குகைகள், ஒரு பதின்மூன்று கண் பாலம்.
எண்ணினேன். பதின்மூன்றுதான்.
திரும்பி வரும்போதும் எண்ணினேன்.

எனக்கு ஒன்றும் இல்லை என்று
முதல் நாளே சொல்லிவிட்டேன் டாக்டர் லிஸம்மாவிடம்.
வந்தது சம்சியாவுக்காக.
"அவரோட இருக்கிறது பரீட்சை ஹால்ல இருக்கிற மாதிரி"
என்றாளாம் அவள் அக்காவிடம்.
இருபத்தாறு வருஷப் பரீட்சை.

புளியரையில் எடைமேடை என்னுடையது.
வைக்கோல், தக்காளி, எம்-சாண்ட், கோழி:
கேரளத்துக்குப் போகிற லாரிகளில் பாதி
என் தட்டில் நின்றுவிட்டுத்தான் மலை ஏறும்.
கம்ப்யூட்டர் சீட்டு அடிக்கும்.
அதை நான் நோட்டில் எழுதுவேன்.
அந்த நோட்டை இன்னொரு நோட்டில் படியெடுப்பேன்.
வரிசை பெட்ரோல் பங்க் தாண்டி நிற்கும்.
நிற்கட்டும்.
வேலைக்கு வந்த பையன்கள் ஐந்து பேர்.
கடைசியாகப் போனவன் இசக்கி.
அவன் ஏழு போட்டால் கோடு சாயும்.
ஒரு வருஷத்து ஏழுகளை
ராத்திரி உட்கார்ந்து நானே நிமிர்த்தினேன்.

டாக்டர் பாதித் தமிழில் சொன்னார்:
கையைக் கழுவிக் கழுவித் தோலுரிந்து வருகிறவனுக்குத்
தன் பயத்தின் மேல் வெறுப்பு இருக்கும்.
உங்களுக்கு அது கிடையாது.
சாவிக்கொத்து மாதிரி
இடுப்பிலேயே வைத்திருக்கிறீர்கள், பெருமையாக.
கதவைத் தட்டுகிறவர்கள் உள்ளே இருக்கிறார்கள்.

பிறகு என் சட்டையைப் பார்த்து
"நல்ல வெடிப்பு" என்றார்.
குனிந்து தேடினேன், எங்கே தையல் விட்டிருக்கிறதென்று.
அவர் பாஷையில் அது நேர்த்தி, சுத்தம்.
என் பாஷையில்
சித்திரை வெயிலில் குளம் வாய் பிளப்பது.
ரயிலில் அந்தச் சொல்லையே மென்றுகொண்டு வந்தேன்.
பாலம் எப்போது போனதென்று தெரியவில்லை.

இதற்கென்று தனி மாத்திரை இல்லை.
பேச்சு. வீட்டுப்பாடம்.
சம்சியா மடித்த துணியை மறுபடி மடிக்கக் கூடாது.
ஞாயிற்றுக்கிழமை நோட்டைத் தொடக் கூடாது.
ஏதாவது ஒரு வேலையை முக்கால் நன்றாகச் செய்துவிட்டு
எழுந்துவிட வேண்டும்.
முக்காலை எதை வைத்து அளப்பது என்று கேட்டேன்.
நாலாவது தடவை
எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டு, நாலு கலரில் டிக் அடித்து
மேஜையில் வைத்தேன்.
கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.
எனக்குச் சிரிப்பு பஸ் ஸ்டாண்டில்தான் வந்தது.

ஏழு சாய்ந்தால் என்ன ஆகும்?
ஒரு மாதம் யோசித்து,
யாரும் என்னை நம்ப மாட்டார்கள் என்றேன்.
அதற்கு அடியிலும் ஒன்று இருந்தது.
அதை இன்னும் சொல்லவில்லை.

முத்திரை வைக்க வந்த இன்ஸ்பெக்டர் சொன்னார்:
"பத்துக் கிலோவுக்குக் கீழ இதுக்குக் கண்ணு தெரியாது."
வருஷா வருஷம் சொல்வதுதான்.
இந்த வருஷம்தான் காதில் விழுந்தது.
நாற்பது டன் தாங்கும் இரும்பு
பத்துக் கிலோவை விட்டுவிட்டு
மழையில் நனைந்துகொண்டு கிடக்கிறது, ஒரு கவலையும் இல்லாமல்.

ரிஸ்வானா கொல்லத்தில் நர்சிங் படிக்கிறாள்.
முதல் வருஷம் அவள் எழுதிய கடிதத்தைச்
சிவப்பு மையில் திருத்தித் திருப்பி அனுப்பினேன்.
அப்புறம் கடிதம் இல்லை.
போன் அம்மாவுக்கு மட்டும்.

நேற்று ராத்திரி என் போனில்:
"அத்தா பத்திறமா வந்து சேந்துட்டேன்."

ற.

விரல் அங்கே போய் நின்றது,
சூடான பாத்திரத்தின் விளிம்பில் நிற்கிற மாதிரி.
மேடையில் ஒரு கோழி லாரி ஏறி ஹாரன் அடித்தது.
இசக்கி (மறுபடி கூப்பிட்டிருக்கிறேன்)
சாய்ந்த ஏழோடு சீட்டைக் கிழித்துக் கொடுத்தான்.
பதினொரு நிமிஷம்.
"சரி" என்று மட்டும் அனுப்பினேன்.

டிக் நீலமானது.
மேலே டைப்பிங் என்று வந்தது.
மறைந்தது.
மறுபடி வந்தது.